பல்லைக் கூட்டினால் பலம் கூடுமா?

தமிழர் நால்வர் கூடினால் ஒரு சங்கம், ஐவர் கூடினால் இரண்டு சங்கம் என்று நம்மைக் கேலி செய்வார்கள். அந்தக் கேலிக்குச் சான்று வேண்டுவோர் சண்டிகரில் உள்ள நம் விடுதிக்கு வந்து பார்க்கலாம். நாங்கள் ஐவர், உதவித்தொகையில் மிச்சம் பிடித்த பணத்தையெல்லாம் ஒன்று சேர்த்து, 1996-ஆம் ஆண்டுப் புல்லட் ஒன்றைக் கூட்டாக வாங்கினோம். 350 சி.சி., ஒற்றைச் சிலிண்டர், அதுவும் இரும்புச் சிலிண்டர். வலக்காலில் கியர், இடக்காலில் பிரேக். வாங்கி மூன்று மாதம் ஆகவில்லை, கட்சி இரண்டாகிவிட்டது. ஒன்று 16 பல் கட்சி. மற்றொன்று 18 பல் கட்சி. நான் 16 பல் கட்சிக்காரன். ஆகையால் இக்கட்டுரையை நடுநிலையானது என்று யாரும் கருத வேண்டியதில்லை. ஆனால் இதிலுள்ள கணக்குக்குக் கட்சி கிடையாது. பென்சிலும் தாளும் எடுத்து எவரும் சரிபார்த்துக் கொள்ளலாம்.

ஐவர் வீட்டுச் சண்டைக்குச் சங்க இதழில் இடம் எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. இவ்வூரில் புல்லட்டின் மீதுள்ள மோகம் நாம் அறிந்ததே. பஞ்சாபில் புல்லட் வெறும் வண்டியன்று. மீசையைப் போல, தலைப்பாகையைப் போல, ஆளின் ஓர் அங்கம். நம் மாணவர் பலர் பழைய வண்டிகளை வாங்கி வருகிறார்கள். வாங்கியவுடன் கடைத்தெருவில் கேட்கும் முதல் அறிவுரை, "கராரியை மாற்று, வண்டி பறக்கும்" என்பதுதான். சங்கிலி ஓடும் பற்சக்கரத்துக்கு, நாம் ஸ்பிராக்கெட் என்பதற்கு, இவ்வூர்ப் பெயர் கராரி. விடுமுறை வந்தால் அதே வண்டியில் இருவர் ஏறி, மூட்டையும் கட்டி, கசௌலிக்கும் சிம்லாவுக்கும் கிளம்புகிறார்கள். பறப்பதற்கென்று மாட்டிய சக்கரத்தோடு மலை ஏறுவது எப்படி இருக்கும் என்பதைக் கிளம்புமுன் எவரேனும் எண்ணிப் பார்க்கிறார்களா என்பதே என் ஐயம்.

செய்தி எளியது. கியர்ப் பெட்டியிலிருந்து வெளிவரும் தண்டில் சிறிய பற்சக்கரம் ஒன்று இருக்கிறது; எங்கள் வண்டியில் அதற்கு 16 பல். பின்சக்கரத்தில் பெரிய பற்சக்கரம். அதற்கு 38 பல். இரண்டையும் சங்கிலி பிணைக்கிறது. சிறியது 38 முறை சுற்றினால் பெரியது 16 முறை சுற்றும். சிறியதை 18 பல்லாக்கினால், அதே 38 சுற்றுக்குப் பெரியது 18 முறை சுற்றும். எஞ்சின் அதே சுற்றில் ஓட, வண்டி முன்னைவிட விரைவாக ஓடும். பின்பற்சக்கரத்தைச் சிறிதாக்கினாலும் இதே பயன்தான். ஆனால் இந்தப் பழைய வண்டிகளில் அது பிரேக் டிரம்மோடு ஒன்றாக வார்க்கப்பட்டது. அதை மாற்ற வேண்டுமானால் டிரம்மையே மாற்ற வேண்டும். எனவே எல்லாரும் கைவைப்பது முன்சக்கரத்தில்தான்.

இதுவரை இரு கட்சிக்கும் கருத்து வேற்றுமை இல்லை. சண்டை தொடங்குவது "வண்டி விரைவாக ஓடும்" என்ற சொற்றொடரில். ஓடும் என்பதற்கும் ஓட முடியும் என்பதற்கும் இடையே ஒரு மலையே நிற்கிறது, நண்பர்களே! கல்லைப் புரட்டக் கடப்பாரை எடுப்பவனைப் பாருங்கள். பாரையின் முனையில் அவன் கை நெடுந்தூரம் இறங்குகிறது. கல் அங்குலம் நகர்கிறது. தூரத்தைக் கொடுத்து விசையை வாங்குகிறான். தூரமும் வேண்டும், விசையும் வேண்டும் என்று கேட்டால் பாரை தராது. பற்சக்கரமும் அப்படிப்பட்ட பண்டமாற்றுக்காரன்தான். 16-இலிருந்து 17-க்குப் போனால் ஒவ்வொரு கியரிலும் பின்சக்கரத்துக்குச் சேரும் முறுக்குவிசையில் நூற்றுக்கு 6 குறையும். 18-க்குப் போனால் நூற்றுக்கு 11 குறையும். எஞ்சினின் திறன் அதே 18 குதிரைத்திறன்தான். கடையில் விற்கும் எந்தப் பற்சக்கரத்திலும் குதிரை கிடையாது.

இனி எதிர்க்கட்சிக்கு உரிய மரியாதையைச் செய்துவிடுகிறேன். அவர்கள் கேட்பது முற்றிலும் வீண் ஆசையன்று.

புல்லட்டின் எஞ்சின் நீண்ட வீச்சு உடையது. சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டரில் நான்காம் கியரில் போகும்போது, 16 பல் வண்டியின் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 3,400 சுற்று சுற்றுகிறது. அப்போது அந்தக் கனத்த பிஸ்டன் சராசரியாக நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் மேலும் கீழும் அலைகிறது. அதற்கு ஈடாக எதிர்த்திசையில் அலைய இன்னொரு பிஸ்டன் இல்லை. அதனால் வரும் அதிர்ச்சியை அம்பாலா தாண்டி தில்லிச் சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டியவரின் உள்ளங்கையைக் கேட்டால் தெரியும். அதே 80 கிலோமீட்டரை 17 பல்லில் சுமார் 3,200 சுற்றிலும், 18 பல்லில் சுமார் 3,000 சுற்றிலும் போகலாம். அதிர்ச்சி விசை சுற்றெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது; ஆகவே சுற்று நூற்றுக்கு 6 குறைந்தால் அதிர்ச்சி நூற்றுக்கு 11 குறைகிறது. இது கண்கூடான ஆதாயம். சமவெளியில் சீராக ஓட்டினால் பெட்ரோலும் ஓரளவு மிச்சமாகும். மறுக்கவில்லை.

17 பல்லுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. பௌதிகம் படிப்பவன் என்பதால் அதைச் சொல்லாமல் போக மனமில்லை. சங்கிலியில் உள்கண்ணியும் வெளிக்கண்ணியும் மாறி மாறி வருகின்றன. மொத்தக் கண்ணிகள் இரட்டைப்படை எண்ணாக இருப்பதே வழக்கம். பற்சக்கரத்திலும் பல் இரட்டைப்படையானால், ஒரு பல் எப்போதும் ஒரே வகைக் கண்ணியையே சந்திக்கும். பல் ஒற்றைப்படையானால், ஒவ்வொரு பல்லும் இரு வகைக் கண்ணியையும் மாறி மாறிச் சந்திக்கும், தேய்மானம் பங்கிடப்படும். அன்றியும், சங்கிலி பற்சக்கரத்தின் மேல் வட்டமாக ஓடுவதில்லை, பல்கோணமாகத்தான் ஓடுகிறது. அதனால் சங்கிலியின் வேகம் ஒவ்வொரு பல்லுக்கும் சற்றே கூடிக் குறைகிறது. 16 பல்லில் இந்த ஏற்ற இறக்கம் நூற்றுக்கு 1.9, 17 பல்லில் 1.7. கோசைன் அட்டவணை கையில் உள்ளவர்கள் பார்த்துக் கொள்ளலாம். ஓட்டுபவனுக்குத் தெரியுமளவு பெரிய வேறுபாடன்று. ஆயினும் அழகான வேறுபாடு.

ஆக, தனியாக, சமவெளியில், நெடுந்தூரம் ஓட்டுபவர்க்கு 17 பல் நல்ல சக்கரம். அமிர்தசரஸுக்கும் தில்லிக்கும் மட்டுமே போய்வரும் நண்பர் எவரேனும் மாட்டிக்கொண்டால் வாழ்த்துவேன்.

ஆனால் 18 கட்சியார் கேட்பது சுகமன்று, உச்ச வேகம். அங்கேதான் கணக்கு அவர்களைக் கைவிடுகிறது. இந்த எஞ்சின் தன் முழுத் திறனைத் தருவது நிமிடத்துக்கு 5,600 சுற்றை ஒட்டி. 16 பல்லிலேயே நான்காம் கியரில் அந்தச் சுற்றை எட்ட வேண்டுமானால் வண்டி மணிக்கு 130 கிலோமீட்டர் போயாக வேண்டும். 350 சி.சி. இரும்புப் புல்லட் சமதரையில் 130 போய் யாரேனும் பார்த்ததுண்டா? காற்று விடுவதில்லை. காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் கனத்தைப் பொறுத்தது. வேகத்தை எட்டில் ஒரு பங்கு கூட்டினால், அதாவது 16-ஐ 18 ஆக்குவது போலக் கூட்டினால், காற்றுக்காக மட்டும் நூற்றுக்கு 42 கூடுதல் திறன் வேண்டும். அதை யார் தருவார்? 16 பல்லிலேயே எட்டாத உச்சியை 18 பல்லால் இன்னும் தள்ளி வைக்கிறோம். பழம் எட்டவில்லை என்பதற்காக மரத்தை உயர்த்துபவர் உண்டா? 18 மாட்டிய 350 வண்டி நான்காம் கியரில் முக்கி முனகுவதையும், மூன்றாம் கியரில் அதே வேகத்தில் எளிதாக ஓடுவதையும் இவ்வூர்ச் சாலைகளிலேயே காணலாம். குறைந்த சுற்றில் திராட்டிலை முழுதும் திறந்து இப்படி முக்க வைப்பது, இணைப்புத் தண்டின் பெரிய முனையில் மிதக்கும் புஷ் கொண்ட இந்தப் பழைய எஞ்சினுக்கு நல்லதுமன்று.

இப்போது மலைக்கு வருவோம். எங்கள் வண்டி வாங்கப்பட்டதே மலைக்காக என்பதை என் கூட்டாளிகளுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

சண்டிகர் கடல்மட்டத்திலிருந்து 350 மீட்டருக்குள் இருக்கிறது. 115 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிம்லா சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எஞ்சின் காற்றை உண்டு உயிர்வாழ்வது. காற்று குறைந்தால் விசையும் ஏறத்தாழ அதே அளவு குறையும். கடல்மட்டத்து விசையை 100 என்று வைத்தால் சிம்லாவில் 80. அதன்மேல் 18 பல்லின் வரியையும் கட்டினால் 71. 17 பல்லானால் 75. எஞ்சினின் நிலைமை இது. மலையின் கோரிக்கை என்ன? எங்கள் வண்டியும் இருவரும் மூட்டையும் சேர்ந்து 300 கிலோ என்று கொள்வோம். 15 அடி ஓடினால் ஓரடி ஏறும் சரிவில், அந்த எடையில் 15-இல் ஒரு பங்கு, 20 கிலோ, ஓயாமல் வண்டியைப் பின்னால் இழுக்கிறது. அந்த 20 கிலோ எந்தப் பற்சக்கரத்துக்கும் சலுகை காட்டாது.

"கியரைக் குறைத்துக்கொண்டால் போயிற்று" என்பது எதிர்க்கட்சியின் விடை. சரியான விடைதான், ஆனால் முழு விடையன்று. எங்கள் வண்டியில் இருப்பவை 4 கியர்களே, அவற்றுக்கிடையே உள்ள இடைவெளியும் பெரிது. முதல் கியரின் விகிதம் 2.78, இரண்டாவது 1.84, மூன்றாவது 1.36, நான்காவது நேரடி. மூன்றுக்கும் இரண்டுக்கும் இடையே நூற்றுக்கு 35 வேறுபாடு. 16 பல்லில் மூன்றாம் கியர் மட்டுமட்டாக இழுக்கும் ஏற்றத்தில், 11 குறைந்ததற்காக 35-ஐ விட்டுக்கொடுத்து இரண்டாம் கியருக்கு இறங்க வேண்டியிருக்கும். சமவெளியில் எஞ்சினுக்கு ஓய்வு தருகிறேன் என்று மாட்டிய சக்கரம், மலையில் எஞ்சினை முன்னைவிட அதிகமாக அலற வைக்கிறது!

முதல் கியரிலோ, அதற்குக் கீழே இறங்க இடமே இல்லை. கொண்டை ஊசி வளைவில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போகும் நிலையை எண்ணிப் பாருங்கள். எஞ்சின் 1,200 சுற்றில் ஓடும்போது 16 பல் வண்டி முதல் கியரில் மணிக்கு 10 கிலோமீட்டர் போகும்; 18 பல் வண்டி 11-க்கும் மேலே போகும். அதைவிட மெதுவாகப் போக வேண்டுமானால் கிளட்ச்சைப் பாதி பிடித்துத்தான் ஆக வேண்டும். லாரி 8 கிலோமீட்டரில் போனால் நாம் என்ன செய்வது? கிளட்ச் தட்டுகள் உராய்ந்து சூடேறும். சூடேறிய கிளட்ச் வழுக்கும். வழுக்குகின்ற கிளட்ச்சோடு, பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு, ஏற்றத்தில் நின்று கிளம்ப வேண்டிய நேரம் வரும்போது எதிர்க்கட்சி பதில் சொல்லட்டும்.

இறக்கத்தையும் மறந்துவிடக் கூடாது. ஏறும்போது விசை குறைந்தால் நேரம்தான் வீணாகும். இறங்கும்போது எஞ்சினின் பிடிப்பு குறைந்தால் அந்தச் சுமை முழுவதும் பிரேக்கின் மேல் விழும். டிரம் பிரேக் நீண்ட இறக்கத்தில் சூடேறினால் பிடிப்புத் தளரும். ஒரே கியரில், ஒரே வேகத்தில் இறங்கும்போது, 18 பல் வண்டியில் எஞ்சின் பிடித்து நிறுத்துவது 16 பல் வண்டியைவிட நூற்றுக்கு 11-க்கும் மேல் குறைவு. முன்னிருப்பவனாவது கைப்பிடியைப் பிடித்திருக்கிறான். பின்னிருப்பவன் அவனை மட்டுமே நம்பியிருக்கிறான். நம் சங்கத்து முதலாண்டு மாணவர்கள் சிலரும் அந்தப் பின்னிருக்கைக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். உச்ச வேகத்தைப் பற்றிய விவாதத்தில் அவர்களுக்கு வாக்கு இல்லை.

"இங்கே 18 மாட்டிக்கொள்வோம், மலைக்குப் போகுமுன் 16-க்கு மாற்றிக்கொள்வோம்" என்று சமாதானம் பேசிய நண்பர் ஒருவர் உண்டு. அவர் இந்த வண்டியைக் கழற்றிப் பார்த்ததில்லை போலும். பல வண்டிகளில் முன்பற்சக்கரம் ஒரு மூடியைக் கழற்றினால் வெளியே தெரியும். பழைய புல்லட்டில் அது கிளட்ச்சுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. இடப்புறப் பெட்டியின் மூடியைப் பிடித்திருப்பது நடுவே உள்ள ஒரே ஒரு நட்டு. அதைக் கண்டு ஏமாறக் கூடாது. மூடியைத் திறந்தால் எண்ணெய் கொட்டும். பிறகு முதன்மைச் சங்கிலி, எஞ்சின் பற்சக்கரம், கிளட்ச் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வர வேண்டும். கிளட்ச்சை இழுத்தெடுக்கத் தனிக் கருவி வேண்டும். அதன் பிறகே நாம் தேடிவந்த சக்கரமும், அதை இறுகப் பிடித்திருக்கும் பெரிய நட்டும் கண்ணுக்குத் தெரியும். அரை நாள் வேலை. விடுமுறைக்கு விடுமுறை செய்யும் வேலையன்று. ஆண்டுக்கணக்கில் ஒருமுறை முடிவெடுத்துச் செய்ய வேண்டியது.

இதைப் படித்து, "முதுகலை அறிவியல் மாணவன் கிளட்ச்சைக் கழற்றுவதா?" என்று முகம் சுளிப்போரும் நம்மிடையே இருக்கிறார்கள். முறுக்குவிசைக்குச் சமன்பாடு எழுதத் தெரிந்த நமக்கு ஸ்பானரைப் பிடிக்கக் கூச்சம். இந்தக் கூச்சத்தால்தான் கடைக்காரர் சொல்வது வேதவாக்காகிறது. அவர் மீது குறையில்லை. தம் சரக்கை அவர் விற்கிறார். சென்னைத் திருவொற்றியூரில் பிறந்த வண்டி இது. 1955-இல் இங்கிலாந்துக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து அங்கே தொடங்கிய தொழில், தாய்க் கம்பெனி மறைந்த பின்னும் நிற்கிறது. நம் ஊர்த் தொழிலாளர் கையால் பூட்டிய வண்டியை இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நம் கையால் ஒருமுறையாவது திறந்து பார்க்கக் கூடாதா?

வேகமானி பொய் சொல்லும் என்று அஞ்சுவோர்க்கு ஒரு சொல்: எங்கள் வண்டியில் வேகமானியின் கம்பி முன்சக்கரத்திலிருந்து வருகிறது. பின்னால் எத்தனை பல் மாற்றினாலும் அதற்குத் தெரியாது.

ஐவரின் பணத்தைப் பற்றி என் முடிவு இது. 18 வேண்டாம், எங்கள் வண்டிக்கு 17-உம் வேண்டாம். இருக்கிற 16 பல்லின் நுனிகள் ஒருபுறம் சாய்ந்து கொக்கிபோல் ஆகிவிட்டன. ஆகவே புதிய 16 பல் சக்கரம் வாங்கலாம், அதோடு புதிய சங்கிலியும் வாங்கலாம். தேய்ந்த சங்கிலியைப் புதுச் சக்கரத்தில் மாட்டினால் புதுச் சக்கரமும் விரைவில் பழசாகும். மிஞ்சும் பணத்தில் இரு சக்கரங்களுக்கும் பிரேக் ஷூ வாங்க வேண்டும்.

சமவெளிக்காரர்களாகிய நண்பர்கள் 17 மாட்டுவதாக இருந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முன்னால் ஒரு பல் கூடினால் சங்கிலிக்கு அரைக் கண்ணி நீளம் கூடுதலாகத் தேவை. அதே சங்கிலியை வைத்துக்கொண்டால் பின்சக்கரம் சுமார் 4 மில்லிமீட்டர் முன்னுக்கு வர வேண்டும். அச்சின் இருபுறமும் நத்தை ஓடுபோல் வளைந்த இரண்டு வில்லைகள் இருக்கின்றன. இரண்டையும் ஒரே அளவு திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் கோணலாக நிற்கும். முன்னுக்கு வர இடமிருக்கிறதா என்பதைக் கிளட்ச்சைக் கழற்றுவதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது. அந்த அரை நாள் வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் விடுதியில்தான் இருப்பேன். கிளட்ச் இழுக்கும் கருவியும் இருக்கிறது; எண்ணெய் பிடிக்க ஒரு பழைய வாளி மட்டும் கொண்டுவாருங்கள்.